கண்டுபிடிப்பின் எழுவாய்: வொலஸின் 'மலாய்த் தீவுக்கூட்டம்' பற்றிய ஒரு நோக்கு

மார்க்சிய நூல்களிற் பயின்றோருட் பலர் அல்பிரட் றசல் வொலஸ் என்னும் பெயரை முதலில் எதிர்கொள்வது ஏங்கெல்ஸின் கட்டுரையொன்றிலாகும். ஆவியுலக நம்பிக்கைக்கு ஆட்பட்ட இயற்கை விஞ்ஞானி என்ற வகையில் வொலஸ் அங்கு கடுமையான கண்டனத்துக்குள்ளாகிறார். அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும் அத்துடன் நாம் அமைந்துவிடுவதனால், 1869 இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் அவரது பயண நூல் இலக்கிய விமர்சனத்தின் பார்வைக்கு உரியவாறு உட்படாது போகிறது. புதிய உயிரினங்களைக் 'கண்டுபிடித்தல்' என்பது எழுத்தில் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை ஆராய அதனினும் தக்க நூல்கள் சிலவே.

1854 முதல் 1862 வரை அத்தீவுகளிடையே சுமார் 14,000 மைல் பயணஞ்செய்த வொலஸ், 125,660 மாதிரிகளைச் சேகரித்ததாக முன்னுரையிற் கணக்குத் தருகிறார். அவற்றுள் வண்டுகள் மட்டும் 83,200. பதினான்கு வயதிற் பள்ளியை விட்டு நில அளவைத் தொழிலுக்குச் சென்றவர் அவர். பரம்பரைச் செல்வம் அவருக்கில்லை. அனுப்பிய மாதிரிகளை இலண்டனிலே சாமுவேல் ஸ்ரீவன்ஸ் என்னும் முகவர் விற்றுக் கொடுத்த பணமே அவரது பயணத்தைத் தாங்கியது. எனவே அம்மாதிரிகள் அறிவுக்கான சான்றுகளாயிருந்த அதே வேளை, சந்தைக்கான பண்டங்களாகவும் இருந்தன. பண்டத்திலே அதனை ஆக்கிய மனித உறவுகள் மறைந்துபோவதை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். அம்மறைவு வொலஸின் உரைநடையிலும் நிகழ்கின்றதா என்பதே நமது வினா.

1858 ஒக்ரோபரில் பச்சான் தீவில் நிகழ்ந்ததைக் கூறும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. வேட்டைக்குச் சென்று திரும்பிய அலி என்னும் உதவியாளர், மகிழ்ச்சி பொங்க ஒரு விசித்திரப் பறவையை நீட்டுகிறார். தோளிலிருந்து நீண்ட வெண்ணிறகுகள் எழும் புதிய வகைச் சுவர்க்கப்பறவை அது. அதனைக் காட்டிடையே தேடிக் கண்டவர் அலி; சுட்டவரும் அவர்; அதன் புதுமையைச் சுட்டிக்காட்டியவரும் அவரே. ஆயினும் அரும்பொருளொன்று கிடைத்ததை அறிவிக்கும் வாக்கியத்தில் எழுவாயாக வந்தமர்வது ஆசிரியரின் 'நான்'. 1859 இல் பிரித்தானிய அரும்பொருளகத்தின் ஜோர்ஜ் கிறே அப்பறவைக்கு வொலஸின் பெயரையே சூட்டினார். வாக்கியத்தில் தொடங்கிய மாற்றம் விஞ்ஞானப் பெயரில் நிலைபெற்றது.

எனினும், மறைத்தல் என்ற ஒரு சொல்லால் நூலை முடிவுகட்டுவது எளிமைப்படுத்தலாகும். சரவாக்கிலே சமையலுக்கென அமர்த்தப்பட்ட அலி, பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுத் தேர்ந்ததை நாம் அறிவது வொலஸின் எழுத்து வாயிலாகவே. வைகியோ அருகேயுள்ள தீவினர் கோடரி, கத்தி முதலியவற்றை முற்பணமாகப் பெற்றுச் செஞ்சுவர்க்கப்பறவைகளைப் பிடித்துக் கொடுத்ததையும், பழத்தை இரையாக வைத்துக் கண்ணியமைக்கும் அவர்களது நுட்பத்தையும் அவர் விரிவாகவே பதிந்துள்ளார். பறவையின் உணவையும் உறைவிடத்தையும் அறிந்த மக்களின் அறிவு நூலெங்கும் விரவிக் கிடக்கிறது. அது தகவலாக ஏற்கப்படுகிறது, விஞ்ஞானமாக ஏற்கப்படுவதில்லை. 1907 இல் தெர்னாத்தேயில் அமெரிக்க விலங்கியலாளர் தொமஸ் பார்பரைச் சந்தித்த முதியவர் ஒருவர், தம்மை 'அலி வொலஸ்' என அறிமுகஞ் செய்துகொண்டார். நூல் தராத உரிமையை அவர் தமது பெயரால் எடுத்துக்கொண்டார் எனலாம்.

நூலின் ஆழ்ந்த முரண்பாடு இதனோடு தொடர்புடையது. அறூ தீவுகளில் அரச சுவர்க்கப்பறவையைக் கையிலேந்தும் வொலஸ், நாகரிக மனிதனின் வருகை இவ்வழகினையே அழித்துவிடும் என அஞ்சுகிறார். உயிர்கள் யாவும் மனிதனுக்கெனப் படைக்கப்பட்டவையல்ல என்ற முடிவுக்கு வருகிறார். இறுதிப் பக்கங்களில் ஆங்கிலச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகளைச் சாடுகிறார். ஆனால் அதே நூலில், ஒல்லாந்தர் 1830 முதல் யாவாவில் நடைமுறைப்படுத்திய கட்டாயப் பயிர்ச்செய்கை முறையைப் போற்றுகிறார். அம்முறையின் கொடுமைகளை 1860 இல் 'மக்ஸ் ஹவெலார்' என்னும் நாவலில் அம்பலப்படுத்தியவர் முல்தாதூலி என்ற புனைபெயர் கொண்ட முன்னாள் ஒல்லாந்த அதிகாரி. அந்நாவலைச் சலிப்பூட்டுவதென வொலஸ் ஒதுக்குகிறார். வண்டின் சிறகிலுள்ள நுண்வேறுபாட்டைக் கண்ட விழிகள் கோப்பித் தோட்டத்திலிருந்த வற்புறுத்தலைக் காணவில்லை. ஒல்லாந்தரின் நீராவிக் கப்பல்களிலும் அதிகாரிகளின் உதவியிலும் தங்கியிருந்த சேகரிப்பாளரின் சமூக நிலையே அப்பார்வையின் எல்லையை வகுத்தது. பின்னர் 1881 இல் நிலத் தேசியமயச் சங்கத்தின் தலைவரானதும், 1889 இல் தம்மைச் சோஷலிசவாதியெனப் பிரகடனஞ் செய்ததும் அவ்வெல்லை மாறாததன்று என்பதை உணர்த்துகின்றன.

இந்நூலைத் தூய விஞ்ஞானத்தின் வீரகாவியமாகப் படிப்போரும் உளர். ஏகாதிபத்தியத்தின் கொள்ளைப் பட்டியலாகப் படிப்போரும் உளர். முன்னையோர் உழைப்பைக் காணத் தவறுகின்றனர். பின்னையோர் அவ்வுழைப்பினால் விளைந்த மெய்யறிவைக் கைவிடுகின்றனர். அவ்வறிவில் அலிக்கும் பங்குண்டாதலால், அதனை நிராகரிப்பது அலியை இரண்டாம் முறை மறைப்பதாகவே முடியும்.

இப்பிரச்சினை பழங்கதையன்று. சுலவேசிக்கு அண்மையிலுள்ள தாலியாபு, பெலெங் ஆகிய தீவுகளிலிருந்து ஐந்து புதிய பறவையினங்கள் 2020 இல் விவரிக்கப்பட்டன. அவ்வாய்வுரையின் ஆசிரியர்களுள் இந்தோனேசிய விஞ்ஞானிகளும் இடம்பெற்றனர். ஓரினத்தின் பெயர் 'இனிய குரல்' எனப் பொருள்படும் இந்தோனேசியச் சொற்களால் ஆனது. மற்றொன்று வாஹே என்னும் தாலியாபுக் கிராமத்தின் பெயரைத் தாங்குகிறது. பெயர் மாற்றத்தால் மட்டும் உற்பத்தி உறவுகள் மாறிவிடா. ஆயினும் எழுவாயின் இடம் அசையத் தொடங்கியுள்ளது என்பதற்கு இவை அறிகுறிகள். காட்டைக் காட்டிக் கொடுப்போரும் பறவையைச் சுமந்து வருவோரும் அவ்விடத்தில் எப்பொழுது அமர்வர் என்ற வினாவை, இத்தகைய நூல்களைப் படிக்குந்தோறும் நாம் எழுப்புதல் வேண்டும்.