ஈரத்தில் இறுகும் மெருகு

ஜப்பானின் வாஜிமா நகரில் செய்யும் மரக் கிண்ணங்களின் கறுப்பு மெருகை எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது. மேலே பூசிய பளபளப்பாகவே தெரியாது. உள்ளிருந்து வருவது போலிருக்கும். அது உருஷி மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைக் கீறினால் கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம்தான்.

சாதாரண வண்ணப்பூச்சு வெயிலில் காயும். இதுவோ ஈரக்காற்று இருந்தால்தான் இறுகும். அதனால் பூசிய கிண்ணங்களை ஈரம் தேக்கிய மர அலமாரிக்குள் அடுக்கி வைக்கிறார்கள். உள்ளே ஈரப்பதம் சுமார் 70 முதல் 85 சதவீதம்.

பாலிலேயே இருக்கும் லாக்கேஸ் என்ற நொதிதான் வேலையைச் செய்கிறது. பாலைச் சூடாக்கினால் இறுகும் திறன் போய்விடுவதை 1883இல் வேதியியலாளர் யோஷிதா ஹிகோரோகுரோ எழுதினார். அந்த நொதிக்குள் நான்கு செப்பு அணுக்கள். ஒன்று, உருஷியோல் என்ற ஃபீனாலிடமிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக வாங்குகிறது. மற்ற மூன்றும் சேர்ந்து அவற்றை ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. நான்கு எலக்ட்ரான்கள் சேர்ந்ததும் ஆக்சிஜன் மூலக்கூறு தண்ணீராகிவிடுகிறது. எலக்ட்ரானை இழந்த ஃபீனால்கள் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக்கொள்கின்றன.

என்னை மிகவும் ஈர்ப்பது அந்தத் தண்ணீர்தான். வேறு கழிவே இல்லை! ஃபீனால்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் செப்பு அணைவுச் சேர்மங்களை உருவாக்கும் வேதியியலாளர்கள் இத்தகைய நொதிகளிடம் பாடம் கேட்பதில் வியப்பில்லை.

இறுகிய படலத்தை அமிலம்கூட எளிதில் அசைக்காது. வெயில் மட்டும் ஆகாது. கிண்ணத்தை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.