பதினாறில் ஒரு பங்கு

சிரம்பான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, பட்டணத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இப்போது நிலம் தேடுகிறார்கள். ரெம்பாவில் ஓர் ஏக்கர் விலைக்கு வருகிறதாம், ஜெலுபுவில் இன்னும் மலிவாம். இரண்டு மாடு, ஒரு மீன் குளம், வாழை, மரவள்ளி, கூரைமேல் சூரியத் தகடு. உப்பும் எண்ணெயும் மட்டும் கடையில் வாங்கினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் பேசுவது மண்ணைப் பற்றி. எனக்குத் தெரிந்து நம் ஆட்கள் மண்ணில் ஏமாந்ததே இல்லை. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட கைகள் அவை. ஏமாந்ததெல்லாம் வேறு இடங்களில்.

மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குத் தோட்ட நிர்வாகம் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும். அதில் காய்கறி போடலாம், மாடு கட்டலாம். யாழ்ப்பாணத்துக் கணக்கில் அது ஒரு பரப்பு, அதாவது பத்துப் பேர்ச். தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறேகால் சென்ட். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டில்தான் நம் முருங்கையும் கறிவேப்பிலையும் பாகற்பந்தலும் மாட்டுக் கொட்டகையும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்வந்த பெண்களுக்கு மாலைப் பொழுது முழுக்க அங்கேதான் கழிந்தது. ஆனால் ‘ஒதுக்க வேண்டும்’ என்பதோடு சட்டம் நின்றுவிட்டது. வேலை நின்றால் வீடு போகும், வீட்டோடு முருங்கையும் போகும். நம் தற்சார்பு வாழ்க்கை இரவல் மண்ணில் தொடங்கியது.

1930இல் ரப்பர் விலை சரிந்தபோது அந்த இரவல் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அதற்குப் பிறகுதான் நம்மவர்களைச் சொந்த நிலத்தில் குடியேற்றலாம் என்ற பேச்சு வலுத்தது. போர்ட் டிக்சன் வட்டாரத்தில் சுவாவில் இந்தியர்களுக்கென்று ஒரு குடியேற்றம் உருவானது அந்தக் காலத்தில்தான். மற்றபடி பேச்சு பேச்சாகவே நின்றது.

இடம் தேர்வதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே பகாவ் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. நகரத்து மக்களைக் காட்டுக்கு அனுப்பி, தாங்களே பயிரிட்டுச் சாப்பிடச் செய்ய ஒரு திட்டம் போட்டார்கள். சீனர்களுக்கு ஜொகூரில் எண்டாவ். யுரேசியருக்கும் சீனக் கத்தோலிக்கருக்கும் பகாவ். ‘ஃபுஜி கோ’ என்று அழகான பெயரும் வைத்தார்கள். 1943 இறுதியில் முதல் குழுக்கள் வந்து இறங்கின, கத்தோலிக்க ஆயர் அட்ரியன் டெவால்ஸ் தலைமையில். வந்தவர்களில் பலர் கிராணி, ஆசிரியர், கணக்கர். மண்வெட்டி பிடித்தறியாதவர்கள். மேடுபள்ளமான காடு, களிமண், தண்ணீர்த் தட்டுப்பாடு. தீபகற்பத்தில் மழை குறைந்த ஊர்களில் ஒன்று ஜெலுபு. பகாவும் அதே மலைத்தொடரின் மழைமறைவில்தான் கிடக்கிறது.

ஆளைத் தின்றது மலேரியா. இந்த நாட்டு மலைக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு அழுக்குக் குட்டை வேண்டாம், வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். காடு நிற்கும்வரை ஓடை நிழலில் கிடக்கும். குடியேறுவதற்காக மரத்தை வெட்டினால் ஓடை வெயிலுக்கு வரும், கொசு பெருகும். தோட்டத் துரைமார் இதை அதற்கு முப்பது நாற்பது ஆண்டு முன்பே அறிந்திருந்தார்கள். கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் வடிகால் போட்டு, எண்ணெய் தெளித்துக் கற்றுக்கொடுத்த பாடம் அது. பகாவில் இடத்தைத் தேர்ந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்துத் தண்டலைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். காலில் பட்ட காயம் முற்றி, டெவால்ஸும் 1945 ஜனவரியில் அங்கேயே இறந்தார். எண்டாவில் நிலைமை இவ்வளவு மோசமாகவில்லை.

இனி இலங்கைக்கு வருகிறேன். நெகிரி செம்பிலானுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பழையது. லின்சம் தோட்டத்தைத் திறந்த ஹில் துரை இலங்கையில் கோப்பித் தோட்டம் பார்த்துவிட்டு இங்கே வந்தவர். லயமும் கங்காணியும் அந்த வழியாக வந்த ஏற்பாடுதான். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய கதையில் அங்கே நடந்தது வேறு.

1972இல் காணிச் சீர்திருத்தம், 1975இல் தோட்டங்கள் தேசியமயம், இடையில் மலையகத்தில் பஞ்சம். 1977 மே மாதம் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து டெவன் தோட்டத்தார் திரண்டபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு தமிழருக்கு எதிரான வன்செயல். மலையில் இருந்தால் உயிர் மிஞ்சாது என்று இறங்கி நடந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள். அவர்கள் இடம் பிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. 1970க்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறியது. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. முதலில் ஆண் மட்டும் கூலிக்குப் போவான். ஒரு போகம் வேலை செய்யும்போதே எந்தக் கிணறு கோடையில் வற்றவில்லை, எந்தக் குளத்து வாய்க்கால் கடைசிவரை பாய்கிறது, யார் வரம்புச் சண்டைக்காரர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் பெண்சாதி பிள்ளைகள் வருவார்கள். அதற்கடுத்து, பற்றைக்காட்டின் ஓரத்தை வெட்டி ஒரு கொட்டில். நிலத்தை வாங்குமுன் அதில் ஒரு வருடம் கூலி வேலை பார்ப்பதைவிட நல்ல மண் பரிசோதனை எதுவும் இல்லை.

எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் இப்படி வந்தவர்களுக்குக் கை கொடுத்தது. கிளிநொச்சியில் பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று ஊர்கள் எழுந்தன. ஒரு காலத்தில் காய்ச்சல் காடு என்று பெயரெடுத்த வன்னியை, டி.டி.டி. தெளித்து மலேரியா அடங்கிய பிறகு இந்தக் கைகள் சோறு போடும் நிலமாக்கின. மழை என்று பார்த்தால் நம் ஜெலுபுவைவிடக் குறைவு. மழை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்கக் குளம் இருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீரில் தவறாதவர்கள் காகிதத்தில் தவறினார்கள், தங்கள் பிழை இல்லாமலேயே. இலங்கை நிலத்தில் எண்பது சதத்துக்கும் மேல் அரசுடையது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி கிடைக்கும் அனுமதிப்பத்திரம்தான் ஏழைக் குடியானவனின் உறுதி. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவனுக்கு அனுமதிப்பத்திரம் எங்கிருந்து வரும்? குத்தகைப் பண்ணைகளில் குடியமர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து 1984இல் அவர்களை விரட்டிவிட்டுச் சிங்களக் கைதிகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் விடுதலைப் புலிகள் வந்து புதிதாக வந்தவர்களைக் கொன்றார்கள். வேலியும் கிணறும் யாரையும் காப்பாற்றவில்லை.

மலையிலேயே தங்கிவிட்டவர்களுக்கு அண்மைக் காலத்தில்தான் வீட்டோடு காணி என்ற பேச்சு நடைமுறைக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச். நூறாண்டுக்கு முன் மலாயாத் துரை இரவலாக ஒதுக்கிய துண்டைவிட மூன்று பேர்ச் குறைவு. வீடு கட்டலாம். மாடு கட்ட இடம் தேட வேண்டும்.

இந்தியாவுக்குப் போனவர்கள் கதையில் எல்லாம் தலைகீழ். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். கப்பலில் இறங்கி மண்டபம் முகாம் வந்தவர்களிடம் அட்டை இருந்தது, குடியுரிமை இருந்தது, காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. இடத்தைத்தான் அவர்கள் தேரவில்லை. சிலருக்கு வியாபாரக் கடன் என்று சில ஆயிரம் ரூபாய், சிலருக்கு நூற்பாலை வேலை. தேயிலை தெரிந்தவனுக்குத் தேயிலை கொடு என்று நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தோட்டம், பிறகு டேன்டீ கழகம் ஆனது. ரப்பர் போட்டு கேரளத்தில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியாவிலும் பலரை இருத்தினார்கள். கடல் கடந்து வந்தவனுக்குக் கிடைத்தது மறுபடியும் லயம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அதே விதி. 2022இல் டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திரும்பப் போனபோது, அரை நூற்றாண்டாக அங்கே இருந்தவர்கள் மறுபடியும் ‘இனி எங்கே?’ என்று கேட்க வேண்டியதாயிற்று.

தோட்ட வேலை வேண்டாம், சொந்தமாக ஒரு துண்டு என்று கூடலூர், பந்தலூர் பக்கம் போனவர்களும் உண்டு. அங்கே இருப்பது ஜன்மிகளின் பரம்பரை உடைமையாக இருந்த ஜன்மம் நிலம். அந்த உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1969இல். வழக்குகள் இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் விழுந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது, மின் இணைப்புக்கே போராட வேண்டும். மிளகும் காப்பியும் நன்றாகக் காய்க்கும் மண்.

நீலகிரியில் அரசுத் தோட்டம் தொடங்கிய அதே 1968இல்தான் புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லும் தொடங்கியது. இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் தேர்ந்தது மழையில் அரித்துப்போன செம்மண் பொட்டல். வரப்புப் போட்டு, நீரை நிறுத்தி, லட்சக்கணக்கில் மரம் வைத்துக் காடாக்கிவிட்டார்கள். நிலம் நம்மை விட்டுப் போகாது என்ற உறுதியும் கையில் பணமும் இருந்தால் பொட்டலும் பலன் தரும். நீலகிரியின் நல்ல மண்ணில் இருந்தவனுக்கு இரண்டும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்று ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கர் தேடுகிறவர்களிடம் நான் மதிப்பது அவர்களின் காகிதப் பழக்கத்தை. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வருவார்கள், அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்பே பட்டா, சிட்டா, அடங்கல் பார்த்து, முப்பது வருட வில்லங்கம் எடுத்திருப்பார்கள். காகிதம் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் வழியாக ஒடுக்கப்பட்டோருக்கு வந்த பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கவே முடியாதது என்று எழுதிக் கொடுத்தது. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

வன்னிக்குப் போனவர்களையும் இந்தியாவுக்குப் போனவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனம் வன்னிக்காரர் பக்கமே சாய்கிறது. விரட்டப்பட்டு ஓடியவர்கள்தான், ஆனாலும் இடத்தைத் தாங்களே பார்த்தார்கள். கிளிநொச்சியில் இன்றும் அவர்களில் பலர் விவசாயிகள். அரசு இடம் பார்த்துக் கொடுத்தவர்களில் பலர் நீலகிரியில் இன்றும் தோட்டத் தொழிலாளர்கள்.

நம் கதை இரண்டுக்கும் நடுவில். ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி, பத்து மாதத்தில் நூறு வெள்ளிப் பங்கு. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது வேலையைக் காப்பாற்றியது, வளவைத் தரவில்லை. தொழிலாளி பங்குதாரர் ஆனார், முருங்கை மரம் நிற்கும் மண் அவர் பெயருக்கு வரவில்லை. பிறகு பாசோவிலும் பாலோங்கிலும் பெல்டா என்ற அரசு நிலத் திட்டங்களில் குடியேறியவர்களுக்கு ஆளுக்குப் பத்து ஏக்கர் அளவில் நிலம் கிடைத்தது. அவர்களில் நம்மவர்கள் மிகக் குறைவு.

ஆகவே ரெம்பாவிலும் கோலா பிலாவிலும் நிலம் தேடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது அடாட் பெர்பாத்தே நாடு. பள்ளத்தில் வயலும் மேட்டில் வீடுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில் நிறைய, தாய்வழியில் பெண்களுக்கு இறங்கும் வழமை நிலம். 1909ஆம் ஆண்டிலேயே அதற்குத் தனிச் சட்டம் உண்டு. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலாய் ஒதுக்கீட்டு நிலம் வேறு. அவற்றை நாம் வாங்க முடியாது. அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நம் பாட்டன்மாருக்கும் அப்படி ஒரு காப்பு இருந்திருந்தால் நாம் இன்று நிலம் தேடி அலைய வேண்டியதில்லை. மிச்சமிருப்பதில் டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிம நிலத்தைத்தான் மலிவு என்று காட்டுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் உரிமம் அது. 1923இன் பதினாறில் ஒரு பங்குதான், கொஞ்சம் பெரிதாக.

ஜெலுபுவில் ஏக்கர் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சீனப் பெருநாள் முடிந்த கையோடு, வெயில் காய்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். ஓடையில் தண்ணீர் ஓடினால், முன்பணம் கொடுக்குமுன் நிலப் பத்திரமான கிரானை வாங்கிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய், அதில் எழுதியிருக்கும் நிபந்தனையை வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.