இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் இன்பமும்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை (1894) அண்மையில் செம்பவாங்கில் அன்பர் சிலரோடு பயின்றபோது, தமிழாசிரியர் ஒருவர் வினவினார்: “கிறிஸ்தவனுக்கு இன்பம் வழியின் முடிவில்தானா? துன்பம் அதற்குக் கொடுக்கும் விலையா?”

மூலமாகிய ஜான் பனியனின் நூலில் (1678) சிலுவைக் காட்சி மிகச் சிறிது. முதுகுச்சுமை அங்கே கழன்று விழ, யாத்திரிகன் மகிழ்ந்து பாடிச் செல்கிறான். நம் புலவர் அவ்வளவில் அமையவில்லை. இயேசுவின் பாடுகளை விரித்தே பாடுகிறார். துன்புறுவோன் முதலில் இறைவனே ஆகிறான். ஆதலின் யாத்திரிகன் படும் துன்பம் விலையன்று, அவனோடு பங்குகொள்ளுதல்.

வருணனைகளில் கம்பரின் நிழல் மிகுதி. அவ்விடங்களில் என் உள்ளம் ஒன்றவில்லை. இடையிடையே வரும் தேவாரங்களும் கதையோட்டத்தைத் தடுப்பன என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பிழை. வைணவராய்ப் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற இவர், சைவர் போற்றும் பெயரைத் தம் இசைப்பாடல்களுக்குச் சூட்டியது பொருத்தமே. தேவார மூவரும் தலந்தோறும் நடந்து பாடியவர்கள் அல்லரோ! இங்கும் ஊர் சேருமுன்னரே, இடர் நீங்காத நடுவழியிலேயே பாட்டு எழுகிறது. ஆசிரியரின் வினாவுக்கு அத்தேவாரங்களையே எடுத்துப் படித்துக் காட்டினேன்.