பால் வெள்ளைக்குக் கொடுக்கும் விலை

ராஜபாளையம் குட்டி வாங்குபவர் கம்பைநல்லூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். உடம்பு பால் வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும். அடுத்த கேள்வி, "காவலுக்கு நிக்குமா?" குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று விசாரிப்பவர் அரிது. இணை சேர்க்கும் நாயைத் தேர்ந்தெடுக்கையில் உடல் பரிசோதனைக்கு முதலிடமா, குணத்துக்கு முதலிடமா என்ற பழைய சர்ச்சையை இந்த இனத்தை வைத்து எடைபோடுவது நல்லது. இரண்டு தரப்பும் எங்கே சறுக்குகின்றன என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

குணத்தின் தரப்புக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் காட்டுகிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். அதன் நிறம் என்ன என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆட்டுப்பட்டிக்கும் தென்னந்தோப்புக்கும் நாய் தேடுகிறவருக்கு இன்றும் குணமே பெரிது. அது நியாயம்தான்.

ஆனால் குணத்தை எதை வைத்து அளக்கிறோம்? "ராஜபாளையம்னா ஒரே ஆளுக்குத்தான் அடங்கும்" என்பது போல இனத்தின் பெயரை வைத்துத்தான். 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம் மட்டுமே. ஏழு வாரக் குட்டியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லும் ஜோசியமும் பெரும்பாலும் பலிப்பதில்லை. வளர்ந்த தாயும் தகப்பனும் அந்நியரிடமும் திடீர்ச் சத்தத்திலும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே நம்பத்தக்க சான்று. மற்றது வளர்ப்பு. மனிதரோடு பழகக் குட்டிக்கு வாய்த்த பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை. 8 வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2017 விதிகள். அப்படியானால் அந்தப் பருவத்தின் பாதிக்கு மேல் வளர்ப்பவர் கையில் கழிகிறது. குட்டியைக் கூண்டிலேயே வைத்திருந்துவிட்டு, நாய் மிரள்கிறது, கடிக்கிறது என்று பரம்பரை மேல் பழிபோடுவதில் அர்த்தமில்லை.

காது விஷயம் வேறு. நிறமி அணுக்கள் உட்காதில் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் அங்குள்ள கேட்கும் உறுப்பு சிதைந்துவிடுகிறது. எந்தப் பழக்கத்தாலும் அதை மீட்க முடியாது. வெள்ளை இனங்களில் இது அதிகம். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அமெரிக்க டால்மேஷன்களில் சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காதும், 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்பதில்லை. இரண்டும் கேட்காத குட்டியை ஈத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியோ கை தட்டினால் திரும்பும், கூப்பிட்டால் வரும், யாருக்கும் சந்தேகம் எழாது. இணை சேர்த்தால் அதன் குட்டிகளில் செவிடு கூடும். இதைக் காட்டிக்கொடுப்பது மூளையின் மின்னலையைப் பதியும் 'பெரா' சோதனை ஒன்றே, மருத்துவமனைகளில் கைக்குழந்தைகளுக்குச் செய்கிறார்களே, அதேதான். இந்த வசதி சிற்றூர்க் கால்நடை மருந்தகத்தில் கிடைக்காது என்பது உண்மையான இடைஞ்சல். ஆனாலும் இணைக்கு விடும் நாய்க்கு ஆயுளில் ஒரு முறை வெளியூர் பயணம் என்பது பெரிய சுமை அல்ல.

பரிசோதனையைப் பிடித்தால் குணம் போய்விடும் என்ற வாதம் நிற்காது. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமெரிக்காவின் 'சீயிங் ஐ' நிறுவனம், ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இடுப்பு மூட்டுக் கோளாறை 55 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைத்தது. குணம் பிசகினால் அந்த நாய்களுக்கு வேலையே கிடையாது. எதிர்வாதத்தில் ஒரு பகுதி மட்டும் எனக்கு உடன்பாடு: சிறிய கூட்டத்தில் எல்லாக் குறைக்கும் கத்தியை எடுத்தால், மிஞ்சும் சில நாய்களுக்குள்ளேயே உறவு சேர்த்து வேறு நோய்களை வரவழைப்போம். இடுப்பில் லேசான குறை இருந்தால், நல்ல இடுப்புள்ள துணையோடு சேர்க்கலாம். செவிட்டுக்கு அந்தச் சலுகை கூடாது.

உண்மையில் குணத்தையும் காதையும் ஒருசேர நெருக்குவது நிறத்தின் மேலுள்ள மோகம். காதோரம் பழுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டி சந்தையில் ஒதுக்கப்படுகிறது. டால்மேஷன்களில் பிறவித் திட்டுள்ள குட்டிகளிடம் செவிடு குறைவு என்று தெரிந்தும், அமெரிக்கக் கண்காட்சி விதி அவற்றைத் தகுதி நீக்குகிறது. நல்ல காதை நாமே கழித்துக்கட்டுகிறோம்!

எனவே என் தீர்ப்பில் காது நுழைவாயில், குணம் அதற்குப் பின் வரும் தேர்வு, நிறத்துக்கு மதிப்பெண் இல்லை. இரண்டு காதும் கேட்டாலும் விருந்தாளியைக் கண்டு கட்டிலுக்கடியில் பதுங்கும் பால் வெள்ளைப் பெட்டையைவிட, நிதானமான திட்டுப் பெட்டைக்கே குட்டி போடும் உரிமை. ஒரு காது கேட்காத அருமையான கடுவன் இருக்கிறதா? தோப்பைக் காக்கட்டும், நன்றாகச் சோறு போடுங்கள். இணைக்கு மட்டும் விடாதீர்கள்.