எத்தனை முகங்கள், என்ன நிறம்?

மணப்பெண் ஒப்பனையைத் தொழிலாக எடுக்க நினைக்கும் மகளைப் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிவரும் யாழ்ப்பாணத்துத் தாய் முதலில் கேட்பது, "என்.வி.கியூ. தருவினமோ?" சென்னையில் அதே வயதுப் பெண் முதலில் விசாரிப்பது, "கிளாஸ் யாருங்க எடுக்குறாங்க?" இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சி முடிவதற்குள் நான் எத்தனை முகங்களில் கை வைப்பேன்? அவை என்ன நிறத்து முகங்கள்? இதை இரு கரையிலும் கேட்பவர்கள் குறைவு.

அந்தத் தாயின் கவலைக்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் இலங்கையில் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்கிறது. தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ.வுக்கு ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அழகுக்கலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் நாடுவது மூன்றையும் நான்கையும். வளைகுடா நாட்டு சலூனில் வேலை தேடும்போது, அரச முத்திரை உள்ள அந்தத் தாள் கையில் இருப்பது பெரிய பலம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் குறைந்த செலவில் இதைப் படிக்கலாம். வகுப்புக்கே போகாமல், யாரோ ஒரு அக்காவின் சலூனில் பல வருடம் வேலை பார்த்தே தொழில் கற்றவர்கள்கூட, முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் மதிப்பீட்டுக்கு உட்பட்டு அதே சான்றிதழைப் பெறமுடியும். வடக்கிலும் மலையகத்திலும் கைத்திறன் நிறைய இருந்தும் தாள் இல்லாமல் நிற்கும் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இலங்கைப் பயிற்சியின் இன்னொரு குணம் அதன் அகலம். அங்கே பொம்பிளை வெளிக்கிடுத்துவது என்றால் முகம் மட்டுமில்லை. கொண்டை, பூ, நகை பொருத்துவது, சேலை உடுத்துவது எல்லாம் பெரும்பாலும் ஒருவரின் பொறுப்பு. கொழும்பில் தொழில் செய்பவரிடம் இந்த வாரம் கூறைச்சேலைப் பெண் வருவாள். அடுத்த வாரம் ஒசரியும் நெற்றிப்பட்டமும் அடுக்கு மாலைகளுமாகக் கண்டிய மணப்பெண், அதற்கடுத்து முக்காடிட்ட முஸ்லிம் மணப்பெண். அதனால் மணப்பெண் அலங்காரக் கற்கைநெறிகளில் பூச்செண்டு கட்டுவதுகூடப் பாடமாக இருக்கும். நன்மைதான். ஆனால் ஆறு மாதப் படிப்பில் முடி வெட்டு, ஃபேஷியல், வேக்ஸிங், சேலை, பூ எல்லாம் போக, முக ஒப்பனைக்கு மிஞ்சுவது சில வாரங்களே. கொழும்பின் நல்ல வகுப்புகள் பல சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடப்பதால், வவுனியாவிலிருந்து போகும் பிள்ளை பாதியைச் சைகையில் கற்கவேண்டியிருக்கிறது.

சென்னையில் நிலைமை தலைகீழ். மெகந்திக்கு ஒருவர், பூ அலங்காரத்துக்கு ஒருவர், வாடகை நகைக்கு ஒரு கடை, முதல்நாளே சேலையை மடிப்பெடுத்து அயர்ன் செய்து தர இன்னொருவர் என்று வேலை பிரிந்துகிடக்கிறது. ஒப்பனைக் கலைஞர் முகத்திலும் முடியிலும் முழுக்கவனம் வைக்கலாம். ஏர்பிரஷ், எச்.டி., முகூர்த்தத் தோற்றம், ரிசப்ஷன் தோற்றம் என நுணுக்கமாகச் சொல்லித்தரும் இடங்கள் அங்கே அதிகம். ஆனால் பயிற்சியின் பெயரே பயிற்றுநரின் பெயராகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் புகழ்பெற்றவர் மூன்று நாள் 'மாஸ்டர் கிளாஸ்' நடத்துவார். முன்வரிசைக்குத் தனிக் கட்டணம். முடிவில் அவரே கையெழுத்திட்ட சான்றிதழ். மாணவி பிரஷ்ஷைத் தொட்டிருக்கவே மாட்டாள். ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு இத்தகைய வகுப்பு பயன்படும். புதிதாக வருபவர் பெரும்பணம் கட்டி இதில் சேர்வது வீண் என்றே சொல்வேன். அரசு வழியும் இருக்கிறது: ஐ.டி.ஐ.யில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரக்கூடிய ஓராண்டு அழகுக்கலைப் பிரிவு, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பயிற்சிகள். சென்னைக் கல்யாணச் சந்தையில் இந்தச் சான்றிதழைக் கேட்பவர்கள் அபூர்வம். அங்கே பேசுவது படத்தொகுப்புதான்.

சினிமாவைக் குறிவைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே சங்க அட்டை இல்லாமல் படப்பிடிப்புத் தளத்தில் நிற்பது கடினம். மும்பையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டையே கிடைக்காமல் இருந்தது. சிகை அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் முறையாகப் படித்துத் திரும்பிய சாரு குரானாவுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அவரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. எவ்வளவு உயர்ந்த பள்ளியில் படித்தாலும், உள்ளே நுழையும் வாசல் யார் கையில் இருக்கிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது.

இனி நிறத்துக்கு வருகிறேன். இரு நாட்டு வகுப்புகளிலும் மாதிரிக்கு உட்காரவைக்கும் பெண் பெரும்பாலும் வெளுத்த தோல்காரி. படம் எடுப்பாக விழும், விளம்பரத்துக்கு உதவும். வேலைக்கு வரும் மணப்பெண்களோ பெரும்பாலும் மாநிறமும் கறுப்பும். ஒரு வகுப்பில் கறுத்த பெண் ஒருத்தி மாதிரியாக அமர்ந்தாள். மாணவி அவள் நிறத்துக்கு இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனை எடுத்தாள். விளக்கு வட்டத்தின் முன் குறை தெரியவில்லை. பயிற்றுநர் அந்தப் பெண்ணை எழுப்பி ஜன்னலோரம் நிறுத்தினார். முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறொருத்தியுடையதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார். மூன்று நிறங்களைத் தாடையோரம் கோடாக இழுத்து, பகல் வெளிச்சத்தில் எது தோலோடு மறைகிறதோ அதை எடுக்கவைத்தார். கண்ணுக்குக் கீழும் வாயைச் சுற்றியும் இருந்த கருமைக்கு முதலில் ஆரஞ்சு கரெக்டர், அதன்மேல்தான் கன்சீலர். பவுடரை மிகக் குறைவாக. சிலிக்கா மிகுந்த பவுடர் ஃப்ளாஷ் பட்டால் வெள்ளையாகத் திருப்பியடிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். இப்படி ஜன்னலோரம் அழைத்துப்போகிற பயிற்றுநர் கிடைத்தால், அவர் பெயர் ஊருக்குத் தெரியாவிட்டாலும் அங்கேயே சேருங்கள். மாதிரிக்கு உங்கள் கறுத்த தோழியைக் கூட்டிவரலாமா என்று கேளுங்கள். தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

நேரமும் ஒரு பாடம். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டில் பல சமூகங்களிலும் கூறை கையில் கொடுத்தபின் பெண் உள்ளே போய் உடுத்தி வந்துதான் தாலி ஏறும். ஐயர் அவசரப்படுத்துவார், ஓமப்புகையில் கண் கலங்கியிருக்கும், அந்தச் சில நிமிடங்களில் சேலை மாற்றி முகத்தையும் சரிசெய்யவேண்டும். கடிகாரம் வைத்து இதைப் பழக்கும் வகுப்பு அரிது. இலங்கையின் பழைய சலூன்களில் உதவியாளராக நின்றவர்களுக்கு இது கைவந்திருக்கும். சென்னையில் படித்து வருபவர் பலர் முதல் கல்யாணத்தில் திணறுவதும் இங்கேதான்.

2022 டிசம்பரில் யாழ்ப்பாணத்துப் பலாலி–சென்னை விமானம் மீண்டும் ஓடத்தொடங்கியபின், இலங்கைப் பிள்ளைகள் குறும்பயிற்சிக்குச் சென்னை போவது எளிதாகியிருக்கிறது. ஊரில் ஒரு சலூனில் அகலமாகக் கற்று, பிறகு ஒப்பனையை மட்டும் ஆழமாகப் படிக்க அங்கே போவதே நல்ல வரிசை என்பேன். ஆனால் இந்தியாவின் சுற்றுலா விசா, தகுதிச் சான்றிதழோ டிப்ளோமாவோ தரும் முறையான படிப்புக்குச் செல்லாது. "டூரிஸ்ட்டில் வாங்க, டிப்ளோமா தர்றோம்" என்று சொல்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். கட்டணத்தில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, கிட் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். கிட்டில் வரும் பொருள்கள் உங்கள் ஊரில் கிடைக்குமா என்றும் பாருங்கள். 2022இன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் அழகுசாதனப் பொருள்களும் அகப்பட்டபோது, ஒரே பிராண்டை நம்பிப் பழகியவர்கள் கலியாண சீசனில் ஃபவுண்டேஷன் இல்லாமல் தவித்தார்கள். கைக்கு வந்த இரண்டு நிறங்களைக் கலந்து மூன்றாவதை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை நிற்கவில்லை.