பில் போட்ட பிறகுதான் கடை தெரியும்

உடுப்புக் கடையின் வாசலில் கிடைக்கும் வரவேற்பை வைத்து அந்தக் கடையை எடைபோடுவது, பெண் பார்க்கப் போன அன்று வைத்த பலகாரத்தை வைத்துச் சம்பந்தம் முடிப்பது போன்றது. சென்னையோ, கொழும்போ, யாழ்ப்பாணமோ, வாங்க வந்தவரைக் கவனிக்கத் தெரியாத துணிக்கடைக்காரர் மிகக் குறைவு. வாங்கிப் போன சேலை முதல் அலசலிலேயே சாயம் விட்டால், சுடிதாரின் தையல் பிரிந்தால், பிள்ளைக்கு எடுத்த சேட் அளவில்லாமல் போனால், அதே கடை நம்மை எப்படி நடத்துகிறது? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் துணி எடுத்துப் பழகிய நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் கடைகளை ஒப்பிடுகிறேன். தமிழ்நாட்டுப் பெரிய கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு, ஆனால் பொறுப்பேற்க ஆள் கிடைப்பது கடினம். இலங்கையின் சிறிய கடையில் ஆள் எதிரிலேயே இருக்கிறார், ஏற்பாடு என்று ஒன்றும் கிடையாது.

தமிழ்நாட்டு ஜவுளி வியாபாரத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஆர்எம்கேவி திருநெல்வேலியில் 1924இலும் நல்லி சென்னையில் 1928இலும் தொடங்கியவை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கோ-ஆப்டெக்ஸ் 1935இல் வந்தது. இத்தனை காலப் பழக்கத்தில் சேலை காட்டுவதே அங்கே ஒரு தனிக் கலையாகியிருக்கிறது. தியாகராய நகரில் ஒரு பட்டுப் பிரிவுக்குப் போய் மெத்தை முன்னால் உட்கார்ந்தால், “என்ன ரேஞ்சுலம்மா பாக்கறீங்க? முகூர்த்தத்துக்கா?” என்று தொடங்குவார் விற்பனையாளர். சொன்ன விலைக்குச் சற்று மேலே மூன்று நான்கை விரிப்பார். நம் கண் எதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த நிறத்திலேயே அடுத்த அடுக்கை இறக்குவார். முந்தானையைத் தன் தோளிலேயே போட்டு, கொசுவத்தை விரல்களால் மடித்துக் காட்டுவார். விரித்த சேலைகளை மடித்து அடுக்கப் பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். ஒன்றும் பிடிக்காமல் எழுந்தாலும், “பரவால்லம்மா, மேல சாஃப்ட் சில்க் இருக்கு, பாத்துட்டுப் போங்க” என்பார்.

பிடித்ததைச் சொன்னதும் காட்சி மாறும். சேலை நம் கைக்கு வராது. துண்டுச்சீட்டு ஒன்று வரும். பணம் ஒரு கவுன்ட்டரில், சரக்கு இன்னொரு கவுன்ட்டரில், வாசலில் காவலாளி பில்லில் முத்திரை குத்துவார். ஆடித் தள்ளுபடியில் கடல்போல் வரும் கூட்டத்தைச் சமாளிக்க இந்த ஏற்பாடு இல்லாமல் முடியாது. ஆனால் அரைமணி நேரம் நம்மோடு பேசி, நம் வீட்டுக் கல்யாணம்வரை விசாரித்த மனிதருக்கும் நமக்குமான தொடர்பு அந்தச் சீட்டோடு முடிந்துவிடுகிறது.

யாழ்ப்பாண நகரில் நவீன சந்தைப் பக்கத்துக் கடைகள் வேறு மாதிரி. முதலாளியே காசு மேசையில் இருப்பார், அல்லது அவருடைய தம்பி இருப்பார். “வாங்கோ அன்ரி, என்ன பாக்கிறியள்?” என்று கேட்கும் பிள்ளை அயல் கிராமமாக இருக்கும். சேலைக்குச் சட்டைத்துணி பொருத்தம் பார்க்கப் போனால், “லைற்றில நிறம் சரியாத் தெரியாது, வெளியில கொண்டுபோய்ப் பாருங்கோ” என்று துணியைக் கையில் தந்து வாசல் வெயிலுக்கு அனுப்புவாள். தெரிந்த குடும்பமென்றால் காசு வாங்காமலே இரண்டு மூன்று சேலையைப் பையில் போட்டுக் கொடுப்பதும் உண்டு. “அம்மாவுக்குக் காட்டிப்போட்டு, பிடிச்சதை வைச்சுக்கொண்டு மற்றதைக் கொண்டந்து தாங்கோ.” தியாகராய நகரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

கொழும்பின் நாகரிக உடுப்புக் கடைகள் இந்த இரண்டோடும் சேராதவை. ஒட்டாரா குணவர்தன 1980களின் இறுதியில் ஏற்றுமதி மிச்ச உடுப்புகளைக் காரில் வைத்து விற்று, அதிலிருந்து ஒடெல் என்ற கடையை வளர்த்தெடுத்தார். யாரும் எடுத்துக் காட்டாமல் நாமே தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, வாங்காமலும் வெளியேறக்கூடிய கடையை நகரத்து நடுத்தர வர்க்கம் அப்படித்தான் பழகியது. ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சத்தை நம்பிய வியாபாரத்துக்கு ஒரு குறையும் உண்டு. வந்த தொகுதி முடிந்தால் முடிந்ததுதான். அதே உடுப்பில் ஒரு அளவு கூடியதைக் கேட்டால் கடையில் இருக்காது. ‘விற்ற பொருள் மாற்றப்பட மாட்டாது’ என்ற அறிவித்தல் இலங்கைக் கடைகளில் ஒட்டிக்கொண்டதற்கு முதலாளியின் பிடிவாதத்தோடு இந்தச் சரக்குத் தட்டுப்பாடும் ஒரு காரணம். இந்தியாவிலிருந்து மூட்டையாகச் சேலை, சுடிதார் இறக்கும் சிறு வியாபாரிக்கும் இதே சங்கடம்தான். பழுதென்று கண்டாலும் அவர் அதை யாரிடம் திருப்பி அனுப்புவார்?

கொழும்புக் கடைகளில் இன்னொரு அனுபவமும் உண்டு. நாம் ஒரு ராக்கையிலிருந்து அடுத்த ராக்கைக்குப் போனால், இரண்டு அடி பின்னால் ஒரு பிள்ளை பேசாமல் வந்துகொண்டே இருப்பாள். உதவிக்கா காவலுக்கா என்று தெரியாது. உடுப்பையும் தோற்றத்தையும் பார்த்து ஆங்கிலமா சிங்களமா என்று முடிவு செய்வாள். தமிழில் ஒன்று கேட்டால் தமிழ் தெரிந்தவரைத் தேடி உள்ளே போவாள். கொழும்பிலேயே தமிழ் புழங்கும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் இந்தத் தொல்லை இல்லை. சென்னை மால்களில் ஆங்கிலம் பேசினால் ஒரு மரியாதை, தமிழ் பேசினால் இன்னொரு மரியாதை என்பது நடக்கத்தான் செய்கிறது என்பதால், இதில் எந்த ஊரும் மற்ற ஊரைக் குறை சொல்ல இடமில்லை.

இனி பழுது வந்தபோது நடந்தவை. சென்னையில் ஒரு பெரிய கடையில் எடுத்த கைத்தறிச் சேலை, நனைத்ததும் கரையின் சிவப்பு உடலெல்லாம் ஏறிவிட்டது. பில்லோடு போனேன். விற்ற பிரிவில் “பில்லிங்ல கேளுங்க” என்றார்கள். பில்லிங்கில் “கஸ்டமர் கேர் மேல” என்றார்கள். மேலே இருந்தவர், மரியாதைக்குக் குறைவில்லாமல், “மேனேஜர் வந்தாத்தான் மேடம்” என்றார். கடைசியில் பணம் தராமல், அதே விலைக்கு வேறு சேலை எடுக்க ஒரு சீட்டு தந்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் வருத்தமும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடை. சிப் உடைந்த சட்டையோடு போனேன். முதலாளி பார்த்த கையோடு, “பில்லை விடுங்கோ, நீங்கள் ஆரெண்டு தெரியாதே” என்று புதியதை எடுத்துத் தந்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண் பில்லைக் கையில் வைத்திருந்தார். அவருடைய மகளின் பாவாடையில் தையல் விட்டிருந்தது. அவருக்குக் கிடைத்த பதில், “அங்க போட்டிருக்கெல்லே அக்கா, மாத்திறேல்லை எண்டு.” எனக்குக் கிடைத்த அந்தச் சலுகையை நல்ல சேவை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஊரும் உறவும் தெரிந்தவருக்குக் கதவு திறந்தது. காசு கொடுத்து வாங்கியதற்கு அத்தாட்சி வைத்திருந்தவருக்குச் சுவரில் தொங்கிய பலகை பதில் சொன்னது.

சட்டம் இரண்டு நாட்டிலும் வாங்கியவர் பக்கம்தான் நிற்கிறது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் ஒரே ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்தவை. விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கிய பொருள் அதன் பயனுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதை இரண்டுமே ஏற்கின்றன. இந்தியா அதற்கு மேலும் போனது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, பில் தராததே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் முறையிடலாம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, 2019இல் சண்டிகரில் ஒரு காலணிக் கடை பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்காக, நுகர்வோர் மன்றம் அதை 9,000 ரூபாய் கட்டவைத்தது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டால், பொருளை மாற்றித்தரவோ பணத்தைத் திருப்பித்தரவோ அதிகாரசபை உத்தரவிடலாம். அவசர எண் 1977. ஆனால் பற்றுச்சீட்டு, கேட்டால்தான் தரவேண்டும் என்கிறது சட்டம். தெரிந்த கடையில் பில் கேட்பது நம்பாதது போல் இருக்கும் என்று நம்மவர் கேட்பதுமில்லை. அந்தக் கூச்சம் ஒருநாள் நமக்கே வினையாகிறது.

கடைக்காரப் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சேவையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்து, கடை தரும் விடுதியில் தங்கி, நாள் முழுதும் நிற்கும் இளைஞர்களின் வாழ்வை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இலேயே திரையில் வைத்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழ்நாடு 2021இல் அதைப் பின்பற்றி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று வரையறுத்தது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது 48. ஏட்டில் இருக்கும் இந்த மணிக்கணக்கு தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கடைத்தளத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை இரவு ஒன்பது மணிக்குப் போய் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் தெரியும். காலையிலிருந்து நின்ற காலோடு, மாற்றித்தரும் அதிகாரம் ஒரு துளியும் இல்லாமல் இருப்பவளிடம் பழுதான சேலையை நீட்டினால் அவள் மேலே கைகாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வாள்?

ஆகவே இரு பக்கமும் கடன் வாங்கிக்கொள்ள வேண்டியது உண்டு. தமிழ்நாட்டுப் பெரிய கடைக்காரர்கள், யாழ்ப்பாண முதலாளியைப் போல் பார்த்த இடத்திலேயே முடிவு சொல்லக்கூடிய ஒருவரை ஒவ்வொரு மாடியிலும் வைக்கலாம். இலங்கைக் கடைக்காரர்கள் சுவரில் தொங்கும் பலகையைக் கழற்றிவிட்டு, எத்தனை நாளுக்குள் எதை மாற்றலாம் என்பதைப் பில்லிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சடிக்கலாம். மாற்றிக் கொடுப்பதால் வரும் நட்டத்தைவிட, “அந்தக் கடைக்குப் போகாதேங்கோ” என்று ஒருத்தி ஊரில் சொல்வதால் வரும் நட்டம் பெரிது என்பது இரண்டு ஊர் வியாபாரிக்கும் தெரியாததல்ல. வாங்கும் நாமும் தெரிந்த கடையென்றாலும் பில்லைக் கேட்டு வாங்குவோம், சலுகை கேட்பதை விட்டு உரிமையைக் கேட்போம். முதலாளிக்கு அறிமுகமானவருக்கும் வெறும் பில்லோடு வந்தவருக்கும் ஒரே பதில் சொல்கிற கடைதான் என் கணக்கில் நல்ல கடை.