பெரிய உடம்பு, சின்னப் பல்

ஒரத்தநாட்டு மாமா போன வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தார். உலகத்திலேயே பெரிய டைனோசர் நம்ம காவிரிக் கரையில்தான் வாழ்ந்ததாம், நீலத் திமிங்கலத்தையே மிஞ்சுமாம், தமிழனாக இருந்தால் பகிரணுமாம். கூடவே ஒரு படம்: நீண்ட கழுத்து, பின்னால் தென்னந்தோப்பு, நாற்று விட்ட வயல். கீழே மாமா ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "நெசமா மாப்ள?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த விலங்கின் பெயர். புருகத்காயோசாரஸ் மேட்லியி. புருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புது வார்த்தை இல்லை, பிரகதீஸ்வரரில் இருக்கும் அதே 'பெரிய'தான். மேட்லி என்பவர் 1929-இல் இந்தப் பகுதியின் டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர். பெயரைச் சூட்டியவர்கள் ஜி.எஸ்.ஐ. என்று சொல்லப்படும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும். கட்டுரை வெளியான ஆண்டு 1987. எலும்புகள் கிடைத்த இடம், அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்து இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கல்லமேடு. இடுப்பெலும்புத் துண்டுகள், தொடையெலும்பில் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு ஒன்று. மொத்தம் இவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விவரிப்பு சுருக்கம், படங்கள் என்று பார்த்தால் சில கோட்டோவியங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், விலங்கை மாமிசம் தின்னும் டைனோசர் வகையில் சேர்த்துவிட்டார்கள். பிறகு 1995-இல் சங்கர் சட்டர்ஜி, இது நீண்ட கழுத்துள்ள தழையுண்ணி என்று மாற்றிச் சொன்னார். இன்று எல்லோரும் ஏற்பது அதைத்தான். அப்படியானால் வாட்ஸ்அப் படத்தில் இருக்கும் கழுத்து முதல் கட்டுரையில் கிடையாது. இதையெல்லாம் யாரும் ஃபார்வர்டில் சேர்ப்பதில்லை.

சரி, 'உலகத்திலேயே பெரிய' எங்கிருந்து வந்தது? முழங்காலுக்குக் கீழ் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று 1987 கட்டுரை சொல்கிறது. அர்ஜென்டினாவில் கிடைத்து 1993-இல் பெயர் பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கு முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு ஒன்று 1.55 மீட்டர். அதன் எலும்புகள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, போய் அளக்கலாம். 2023-இல் கிரகரி பால், அசியர் லாராமெண்டி என்ற இருவர் 'லெத்தயா' என்ற இதழில் நம்ம ஊர் விலங்கின் எடையை மதிப்பிட்டார்கள்: 110 முதல் 170 டன். உடனே செய்திகள், யூடியூப், நம்ம மாமா.

அவர்கள் போட்ட கணக்கு வேறு மாதிரி. நான் சும்மா ஒரு தாளில் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். 2-ஐ 1.55-ஆல் வகுத்தால் 1.29. நீளம் இத்தனை மடங்கு என்றால் எடை அதன் மும்மடி, அதாவது சுமார் 2.15 மடங்கு. அர்ஜென்டினோசாரஸை 70 டன் என்று வைத்துக்கொண்டால் நம்மது 150 டன். இப்போது அந்த எலும்பு 2 மீட்டர் இல்லாமல் 1.8 மீட்டராக இருந்திருந்தால்? உடைந்த எலும்பை மண்ணோடு சேர்த்து அளந்தால் 20 சென்டிமீட்டர் பிசகுவது ஒன்றும் அதிசயமில்லை. அப்போது விடை 110 டன். ஒரு முழத்துக்கும் குறைவான பிசகில் 40 டன் காணாமல் போகிறது. யானைக் கணக்கில் எட்டு யானை.

"அப்ப மறுபடி அளந்து பாத்துட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள்.

அளக்க எலும்பு இல்லை.

இதுதான் மாமாவுக்கு ஒரு வரியில் சொல்ல முடியாமல் போனது. கல்லமேட்டின் மண் இறுகாத மணலும் களிமண்ணும். டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதையும், ஐப்பசி மழையில் அதே மண் ஊறி உப்புவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அப்படி ஒரு மண்ணுக்குள் இருக்கும் எலும்பும் வருஷா வருஷம் ஊறிக் காய்ந்து இற்றுப்போகும். தோண்டி எடுத்துக் கட்டுப்போட்டு வைத்தும் அவை பொடிந்துவிட்டன. எலும்புகள் இப்போது இல்லை என்பதை அய்யாசாமியே பீட்டர் கால்டனுடன் சேர்ந்து 2017-இல் பதிவு செய்தார். இடையில் அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. கல்மரங்களுக்குப் பேர் போன வட்டாரம் என்பதால் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. 2022-இல் சௌரப் பாலும் அய்யாசாமியும் தோண்டிய காலத்துப் புகைப்படங்களைத் தேடி எடுத்து 'ஜியாலஜி டுடே' இதழில் வெளியிட்ட பிறகுதான் எலும்புதான் என்ற தரப்பு வலுத்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தன் பழைய வேலையைத் தானே திறந்து காட்டியதற்காக அந்த மனிதரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் படங்கள் 1987-லேயே வந்திருக்க வேண்டியவை.

சைபீரியாவின் மாமூத்தோடு ஒப்பிட்டால் நம் நிலைமை புரியும். 2007-இல் அங்கே பனிமான் மேய்க்கும் ஒருவர் கண்டெடுத்த ல்யூபா என்ற மாமூத் குட்டி செத்து நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உறைபனி அதன் தோலைக்கூட விட்டு வைத்திருந்தது, வயிற்றில் தாய்ப்பாலின் தடயம் இருந்தது. நமக்கு உறைபனி கிடையாது. இங்கே மழை ஒரு பக்கம் அரிக்கும், வெயில் ஒரு பக்கம் உடைக்கும், போதாததற்குச் சிமெண்ட் லாரி வரும். இந்த ஊரில் தொல்லெச்சத்தைக் காப்பாற்ற வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

'காவிரிக் கரை' பற்றியும் ஒரு வார்த்தை. 2022 கட்டுரையின் தலைப்பிலேயே காவிரி இருக்கிறது, குழப்பம் அங்கிருந்தும் வந்திருக்கலாம். நிலவியல்காரர்கள் சொல்லும் காவிரிப் படுகை நம்ம ஆறு இல்லை. கோண்டுவானா கண்டம் பிளந்தபோது விழுந்த பள்ளம் அது. அதில் கோடிக்கணக்கான வருஷம் கடலும் ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் அந்தப் பாறைகள். டெல்டாக்காரர்கள் இந்தப் பெயரைப் பெரும்பாலும் ஓ.என்.ஜி.சி. வாயிலாகத்தான் கேட்டிருப்பார்கள். நரிமணத்திலும் கமலாபுரத்திலும் குழாய் இறங்குவது அதே படுகைக்குள்தான். நம் வயலுக்கு அடியில் வெகு ஆழத்தில் கிடக்கும் அந்தக் காலத்துப் பாறைகள் அரியலூரில் வெளியே தலைகாட்டுகின்றன. திருவையாறு தாண்டி, திருமானூரில் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, கீழப்பழூர் வழியாகப் போனால் நெல் நின்றுபோய் மண் நிறம் மாறும் இடத்தை வண்டியில் இருந்தே பார்க்கலாம். டைனோசர் காலத்தில் தென்னையும் நாற்றங்காலும் போடுவது வரைகிறவர் இஷ்டம், ஆனால் காவிரி அப்போது கிடையாது.

இது ஒரு தடவை நடந்த கதையாக இருந்தால் விட்டுவிடலாம். அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் இதே வட்டாரத்தில் இருந்து திராவிடோசாரஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். 1996-இல் சட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்கிற கடல் ஊர்வன என்று எழுதினார்கள். பெயரில் திராவிடம் இருப்பதால் அதுவும் அவ்வப்போது பெருமைப் பட்டியலில் வந்து நிற்கும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது. அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி மண் இறுகி உருவான உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. எனக்கு இதுதான் வருத்தம். அம்மோனைட் என்றால் அவ்வளவு மட்டமா? பாட்டி பூஜைப் பெட்டியில் வைத்திருந்த சாளக்கிராமமும் அம்மோனைட்தான். அதற்குக் கண்டகி நதிவரை போவோம், குன்னத்தில் கிடந்தால் ஏமாற்றம்! பெரிய கோவில் நிழல் தரையில் விழாது என்று அந்த நிழலிலேயே உட்கார்ந்து சொல்கிற ஊர்க்காரன் நான். இது நமக்குப் பழக்கமான வியாதிதான்.

கல்லமேட்டில் இருந்து வந்ததில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 2013-இல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் முதலியோர் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஒரு பல்லைப் பற்றி எழுதினார்கள். ஒரே ஒரு சின்னப் பல். ட்ரூடோன்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய சொந்தமான சிறு டைனோசரின் பல். அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். இந்தியா தீவாக மிதந்துகொண்டிருந்த காலத்தில் அதில் இந்த விலங்கு எப்படி வந்தது? கண்டங்கள் பிரியும் முன்பே வந்துவிட்டதா, பிறகு எந்த வழியாகவாவது ஏறியதா? அதே மண்ணில் மடகாஸ்கர் முதலை ஒன்றின் உறவினரும் கிடைத்தது. இதெல்லாம் படம் பிடித்து, அளந்து, மற்றவர்கள் சரிபார்க்கும்படி வெளியானவை. 150 டன் உடம்பு எழுப்பாத கேள்வியை அந்தப் பல் எழுப்புகிறது. எந்த ஃபார்வர்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

எடையைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2023 கட்டுரைக்காரர்களுக்கும் எலும்பு கிடையாது என்பது தெரியும், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் இல்லாத எலும்புக்கு எண் போட்டால் அந்த எண் மட்டும்தான் ஊர் சுற்றும் என்பதையும் அவர்கள் யோசித்திருக்கலாம். இங்கே தமிழில் எழுதுகிறவர்கள் அதைக்கூட யோசிப்பதில்லை. எலும்பு எப்படிப் போனது என்பதுதான் நமக்கான செய்தி. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அடுத்த எலும்பு கிடைத்தால் அன்றே பசை பூசி இறுக்கி, பத்திரமாக எடுக்க ஆளும் பணமும் அரியலூரில் இருக்கிறதா?

ஒழுங்காக நடந்ததும் உண்டு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. அதை 1940-இல் உலகுக்குச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர், பின்னாளில் ஜி.எஸ்.ஐ.-யின் முதல் இந்தியத் தலைவர். மரம் கல்லாகவே இருந்ததும் ஒரு அதிர்ஷ்டம், மழை ஒன்றும் செய்யவில்லை.

மாமாவுக்கு இதையெல்லாம் சுருக்கி அனுப்பினேன். "எலும்பு இல்லன்னா எப்படி மாப்ள பெருசுன்னு சொல்றாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி, பழைய அளவை நம்பித்தான் என்றேன். ஃபார்வர்டை நீக்கினாரா என்று கேட்கவில்லை.

கல்லமேட்டில் அந்த எலும்புகளைத் தோண்டிய நாட்களை நேரில் பார்த்த பெரியவர்கள், கூலிக்கு மண் வெட்டியவர்கள், அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். உங்களுக்குத் தெரிந்த தாத்தா யாராவது இருந்தால், எலும்பு எப்படிக் கிடந்தது, எப்படிக் கட்டி எடுத்தார்கள், எந்த வண்டியில் போயிற்று என்று கேட்டு எழுதுங்கள். அவர்களோடு போய்விட்டால் அதுவும் போய்விடும்.